புகார் எங்கே போய்ச் சேருகிறது?

போலீஸ் மீது வரும் புகார்களில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவது என் தொழில். ஊரில் பதற்றம் கிளம்பியதும் மேயர்கள் அமைதிக் கூட்டம் போடுவார்கள், கமிஷனரோடு கைகுலுக்குவார்கள், படம் பத்திரிகையில் வரும். அதில் கெடுதல் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் போலீஸிடம் அடி வாங்காதவர்கள்.

அமெரிக்காவின் சின்சினாட்டியில் 2001 ஏப்ரலில், கையில் ஆயுதம் இல்லாத 19 வயது கறுப்பின இளைஞர் ஒருவர் போலீஸ் குண்டுக்குப் பலியானார். அவர் மேல் இருந்த பிடிவாரண்டுகளில் பெரும்பாலானவை போக்குவரத்து விதிமீறலுக்கானவை. ஊர் கலவரமானது, ஊரடங்கு போட்டார்கள். கவனிக்க வேண்டியது வேறு: இனப் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று போலீஸ் மீது சில அமைப்புகள் வழக்கு போட்டது அதற்கு முந்தைய மாதமே. முறையிட்டாயிற்று, செவிசாய்க்கத்தான் ஆளில்லை.

பிறகு நடந்ததுதான் என் போன்றவர்களுக்குப் பாடம். சமரசராக வந்த ஜே ரோத்மன், ஊர் மக்களை எட்டுப் பிரிவாகப் பிரித்து, போலீஸுக்கும் மக்களுக்கும் இடையே என்ன உறவு வேண்டும், ஏன் வேண்டும் என்று கேட்டார். கறுப்பினத்தவர் ஒரு பிரிவு, இளைஞர்கள் ஒரு பிரிவு, போலீஸ்காரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஒரு பிரிவு. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள். 2002-இல் கையெழுத்தான உடன்படிக்கையில் மாநகராட்சி, வழக்கு போட்ட அமைப்புகள் ஆகியவற்றோடு போலீஸ் சங்கமும் ஒப்பமிட்டது. சங்கத்தை வெளியே நிறுத்திவிட்டு எழுதும் சீர்திருத்தம் காகிதத்தோடு சரி. அப்படியும் முதல் சில ஆண்டுகள் போலீஸ் தலைமை முரண்டு பிடித்தது. நீதிமன்றக் கண்காணிப்பு 2008 வரை தேவைப்பட்டது. ஒரு மேயரின் பதவிக்காலத்துக்குள் முடிகிற வேலை இல்லை இது.

நியூஜெர்சியின் கேம்டனில் 2013-இல் நகரப் போலீஸையே கலைத்துவிட்டு, மாவட்டத்தின் பேரில் புதுப் படை அமைத்தார்கள். பலர் இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். புதுப் படை வந்த கையோடு, சைக்கிளில் மணி இல்லை, கார்க் கண்ணாடி கறுப்பாக இருக்கிறது என்று மக்களுக்குச் சம்மன் மழை பொழிந்ததையும் சொல்ல வேண்டாமா? ஆளை மாற்றி, அளவுகோலை மாற்றாமல் விட்டால் அப்படித்தான் ஆகும். எத்தனை சம்மன் எழுதினாய் என்று கணக்குக் கேட்பதை நிறுத்திய பிறகே அங்கே உறவு சீரானது.

என்னிடம் வருகிறவர்கள் பலருக்கு நஷ்டஈடு இரண்டாம்பட்சம். மகனை நடுத்தெருவில் நிறுத்திப் பையைக் கொட்டிச் சோதித்ததற்காக ஒரு தகப்பன் வந்தார். "காசு வேணாம் சார். எதுக்கு நிறுத்தினாங்கன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்." எதிரே உட்கார்ந்த அதிகாரிக்குக் காரணம் சொல்வதில் சிரமமே இல்லை, அடையாளம் ஒத்துப்போனதாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் புகாரே வந்திருக்காது.

நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும், நிறுத்திய அதிகாரியின் பெயர் எழுதிய சீட்டு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட நகரத் தலைமைக்குப் பெரிய செலவில்லை. புகாரை அதே ஸ்டேஷனில் கொடுக்காமல் வேறு அலுவலகத்தில் கொடுக்க வழி செய்யலாம். பல நகரங்களில் நஷ்டஈடு பொதுக் கஜானாவிலிருந்து போகிறது, போலீஸ் துறைக்கு வலிப்பதே இல்லை. அதைத் துறையின் பட்ஜெட்டில் காட்டச் சொன்னால் எந்த அதிகாரியால் எவ்வளவு செலவு என்பதைத் தலைமை தானாகவே கவனிக்கும். சங்கத்தோடு போடும் ஒப்பந்தத்தில், அதிகாரிகளின் பழைய தண்டனைப் பதிவுகளை அழிக்கச் சொல்லும் ஷரத்து இருக்கிறதா என்று மேயரும் கவுன்சிலர்களும் படித்துப் பார்க்க வேண்டும். சம்பளப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

புகார் கொடுக்கிறவர்களுக்கு: நேரம், இடம், அதிகாரியின் எண், வண்டி எண் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள். காயம் இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். புகார் எண் தராமல் "பார்த்துக்கிறோம்" என்றால், அதையும் யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று குறித்துக்கொண்டு, நகல் ஒன்றைப் பதிவுத் தபாலில் மேயர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.