பெட்டிக்குள் ஆறு கெட்டில்

ஈஸ்டர் விடுமுறையில் மாரியம்மன் திருவிழாவுக்காக மேட்டு நிலத்து ஜொகானஸ்பர்க்கிலிருந்து கடலோர டர்பனுக்கு, படுக்கையும் சமையலறையும் உள்ள மோட்டார்ஹோமில் போனோம். ஏறக்குறைய 570 கிலோமீட்டர். வண்டி மச்சானுடையது. ஜொகானஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் வீட்டு வாசலில் நிறுத்தி, ஏ.சி. போட்டு, மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்த ஜெனரேட்டர், கடலோர முகாமில் 40 நிமிடத்தில் நின்றுபோனது. கால் மணி நேரம் ஆறவிட்டால் கிளம்பும், மறுபடி நிற்கும். “கீழே வந்தா இன்னும் நல்லா ஓடணும் மச்சான், காத்து கனமா இருக்கே” என்று புலம்பினார். அவர் சொன்னதில் பாதி சரி.

சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் எரிபொருளின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நாலில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. மீதி எல்லாம் சூடு. 4 கிலோவாட் மின்சாரம் எடுத்தால் குறைந்தது 12 கிலோவாட் சூடு வெளியே போயாக வேண்டும். சமையலறை கெட்டில் ஒன்று சுமார் 2 கிலோவாட். ஆக, ஆறு கெட்டில்கள் ஒரே நேரத்தில் கொதிக்கும் அளவு சூடு, வண்டியின் விலாவில் ஒரு தகரப் பெட்டிக்குள் பிறக்கிறது. எல்லா ஜெனரேட்டரும் இப்படித்தான் கொதிக்கிறது. எனவே “ஏன் சூடாகிறது” என்று கேட்டுப் பயனில்லை. சூடு ஏன் வெளியே போகவில்லை என்றுதான் தேட வேண்டும்.

சூட்டில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. இன்னொரு பங்கைச் சுமப்பது, என்ஜினின் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் விசிறி இழுக்கும் காற்று. அது சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய உலோக விளிம்புகளுக்கு இடையே நுழைந்து, சூட்டை வாங்கிக்கொண்டு கீழ்வழியாக வெளியேறும். காற்று சும்மா பக்கத்தில் வீசினால் போதாது, அந்தச் சந்துகளுக்குள் போக வேண்டும். அதற்குத்தான் என்ஜின்மேல் தகட்டு உறை இருக்கிறது. “காற்றோட்டமாக இருக்கட்டும்” என்று அந்த உறையைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்று சுலபமான வழியில் ஓடிவிடும், சிலிண்டர் வெந்துகொண்டிருக்கும். சில மாடல்களில் பெட்டியின் கதவே காற்றுப் பாதையின் ஒரு சுவர். அதைத் திறந்துவைத்தால் இன்னும் மோசமாகும்.

குளிர்காலம் முழுக்க நிறுத்திவைத்த வண்டி என்றால் முதலில் அந்தச் சந்துகளைப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும், இல்லாவிட்டால் எலி பஞ்சு சேர்த்திருக்கும். அடுத்து, வெளியேறிய சூடான காற்றே மறுபடி உள்ளே இழுக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். சுவர் ஓரமாக நிறுத்தினாலும், அடியில் புல் உயரமாக இருந்தாலும், பக்கவாட்டில் கூடாரத் துணியை இறக்கிவிட்டாலும் இது நடக்கும். காற்று நுழையும் வாயில் ஒரு மலிவான வெப்பமானியைத் தொங்கவிட்டால் தெரிந்துவிடும்: வெளியே 28 டிகிரி, வாயில் 40 என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருந்தாலும் பெட்டி கொதிக்கும். ஆனால் அங்கே சூடு சின்னக் கவலை. மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு படுக்கையறைக்குள் வரும். கசிவு என்று சந்தேகம் வந்தாலே அணைத்துவிடுங்கள்.

எண்ணெய் குறைந்தாலும் சூடு ஏறும்; குச்சியை எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம்.

எங்கள் வண்டியில் இதெல்லாம் சரியாகவே இருந்தது. கெட்டிலையும் மைக்ரோவேவையும் நிறுத்திவிட்டு, ஏ.சி.யை மட்டும் விட்டோம். அப்போதும் நின்றது. பெட்டிச் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி என்ஜின் பட்டினியில் நிற்பதும் உண்டு. ஆறினால் கிளம்பும் என்பதால் அதுவும் இதே மாதிரி ஏமாற்றும். குழாயைத் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவு சூடில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். காபிப் பழுப்பில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அது அடையாளம்.

இங்கேதான் மச்சான் சொன்ன காற்று வருகிறது. ஜொகானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர்கூட 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், டர்பனிலிருந்து வரும் அத்தைகள் பருப்பு வேகவில்லை என்று அலுத்துக்கொள்வார்கள். காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டருக்கு இந்தக் கணக்கு தெரியாது. காற்று மெலிந்தாலும் பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது. கலவையில் பெட்ரோல் மிகுந்து கரும்புகை வரும். அதைச் சரிசெய்யச் சில ஜெனரேட்டர்களில் உயரத்துக்கு ஏற்பத் திருப்பும் சிறு நெம்புகோல் இருக்கிறது. மச்சான் அதைச் சரியாகவே மேட்டு நிலத்துக்குத் திருப்பிவைத்திருந்தார். அப்புறம் வான் ரீனன் கணவாய் வழியாக இறங்கிக் கடலுக்கு வந்தாகிவிட்டது. காற்று கனத்தது, பெட்ரோல் குறைந்தபடியே இருந்தது.

பெட்ரோல் குறைந்த கலவை சூட்டைக் கூட்டும். காற்றால் குளிரும் என்ஜினில், கொஞ்சம் கூடுதலாக வரும் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளிருந்தே குளிர்விக்கிறது. அந்த உதவி போய்விட்டது. எரிதலும் மெதுவாகி, வால்வு திறக்கும்வரை நெருப்பு நீள்கிறது. உறுதிப்படுத்த ஒரு பழைய தந்திரம்: காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை, ஓடும்போது லேசாக இழுத்துப் பாருங்கள். தடுமாற்றம் அடங்கி ஓட்டம் சீரானால் பெட்ரோல் போதவில்லை. நெம்புகோல் இல்லாத வண்டியிலும் இதே அறிகுறி வரலாம். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் ஜெட்டின் துளையைச் சுருக்கியிருக்கும்.

நெம்புகோலைக் கடல்மட்டத்துக்கான சுழியத்துக்குத் திருப்பினோம். கஞ்சி வாங்கிக்கொண்டு கோயிலிலிருந்து திரும்பி வரும்வரை ஓடிக்கொண்டிருந்தது. திரும்பும் வழியில் கணவாய் ஏறி, மேட்டு நிலத்து ஊரான ஹாரிஸ்மித்தில் நிறுத்தி டீ போடலாம் என்று ஜெனரேட்டரைக் கிளப்பினால், குபுகுபுவென்று கரும்புகை. மச்சான் என்னைப் பார்த்தார். நானும் மறந்துதான் போயிருந்தேன்.