அனுமதியில்லா மனை: வரன்முறைக்குப் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

விளைநிலமும் நீர்வழியும் மனையாகிக்கொண்டே போனதால், அனுமதி பெறாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக 2017 மே மாதம் வரன்முறை விதிகள், அதாவது அனுமதியில்லா மனையை முறைப்படுத்தும் விதிகள் வந்தன. விண்ணப்பிக்கும் கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டிருப்பதால், இன்றைய நிலையை முதலில் விசாரியுங்கள்.

அதிகம் பேர் சிக்குவது தேதியில்தான். மனைப்பிரிவில் (லேஅவுட்டில்) மனைகள் 2016 அக்டோபர் 20 அன்றோ அதற்கு முன்போ விற்றுப் பதிவாகியிருக்க வேண்டும். கிரைய ஒப்பந்தமோ பொது அதிகாரப் பத்திரமோ காட்டினால் செல்லாது, பதிவான கிரையப் பத்திரம்தான் வேண்டும். அந்தத் தேதியை உள்ளடக்கிய வில்லங்கச் சான்றைக் கையில் வைத்திருங்கள்.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கே" என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்), சென்னைப் பெருநகரப் பகுதியில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்). ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் அதற்கு ஈடாகாது. "பத்திரம் பதிவாகிவிட்டதே" என்பதும் அப்படித்தான். முன்பே வீட்டுமனையாகப் பதிவானதை மறுபடி பதிய வழி இருக்கிறது. அதனால் மனை வரன்முறை ஆகிவிடாது. வரன்முறை ஆணை இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காது, மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் சிக்கலாகும்.

நீர்நிலை, வாய்க்கால், அரசு நிலம், பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் ஆகியவற்றில் இருக்கும் மனைக்கு வரன்முறை கிடையாது. பணம் கட்டும் முன் இதைச் சரிபார்ப்பது உங்கள் வேலை. வருவாய்த் துறையின் இணையச் சேவையில் உங்கள் புல எண்ணைப் போட்டு நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டைப் பாருங்கள், பிறகு எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை எடுங்கள். உங்கள் எண் புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது. ஒட்டியுள்ள எண்களையும் பாருங்கள். ஓடை, ஏரி, வாய்க்கால் புறம்போக்கு என்று வந்தால் எல்லையை அளக்கச் சொல்லுங்கள். விற்றவர் கொடுத்த வண்ண வரைபடத்தில் அந்த ஓடை சாலையாக மாறியிருக்கும். 2015 டிசம்பரில் சென்னையை அடுத்த முடிச்சூரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த அரை மணி நேர வேலையின் அருமை தெரியும்.

அடுத்தது அலைக்கழிப்பு. உள்ளாட்சி அலுவலகத்தில் "மனைப்பிரிவுக்கே ஒப்புதல் இல்லை, டிடிசிபி-க்குப் போங்கள்" என்பார்கள். அங்கே போனால் "மனை போட்டவர் வரட்டும்" என்பார்கள். அவர் எப்போதோ காணாமல் போயிருப்பார். முதலில் மனைப்பிரிவு முழுமைக்கும் கொள்கை அளவிலான ஒப்புதல், பிறகு தனி மனைக்கு ஆணை என்பது உண்மைதான். ஆனால் மனை போட்டவர் வரவில்லையென்றால் மனை வாங்கியவர்களோ குடியிருப்போர் சங்கமோ விண்ணப்பிக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து போனால் வரைபடச் செலவும் குறையும்.

வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் விண்ணப்ப எண்ணோடு எழுத்தில் காரணம் கேளுங்கள். தராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

ஆணை கைக்கு வந்ததும் மனை எண், புல எண், பரப்பு மூன்றையும் பத்திரத்தோடு அங்கேயே ஒப்பிடுங்கள். ஆணையில் சதுர மீட்டர், பத்திரத்தில் சதுர அடி இருக்கும். 1,200 சதுர அடி என்றால் சுமார் 111.5 சதுர மீட்டர். உட்பிரிவு எண் ஒன்று மாறியிருந்தாலும் கட்டட அனுமதிக் கோப்பு அதே காரணத்துக்காகத் திரும்பி வரும்.