லோடு போட்டதும் படுத்துவிடும் 5 வோல்ட்

மேசையில் ஒரு 18650 லித்தியம் செல், அதன் வோல்ட்டை உயர்த்தித் தரும் ஒரு பூஸ்ட் கன்வர்ட்டர் மாட்யூல், ஒரு ஆம்பியர் இழுக்கும் 5 வோல்ட் எல்இடி பட்டை (இதுதான் லோடு). மாட்யூலின் குட்டித் திருகைத் திருகி வெளியீட்டைச் சரியாக 5.0-க்கு வைத்திருந்தேன். பட்டையை இணைத்ததும் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டது; மீட்டர் 4-ஐக்கூட எட்டவில்லை. கழற்றினால் மறுபடி 5.0. மாட்யூல் மட்டம் என்று முடிவுகட்டி இன்னொன்று வாங்கிப் போட்டேன். அதுவும் அப்படியே படுத்தது.

பூஸ்ட் கன்வர்ட்டர் மின்னழுத்தத்தைச் சும்மா கூட்டித் தருவதில்லை. உள்ளே ஒரு சுவிட்ச் நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடுகிறது. மூடும்போது காயிலில் ஆற்றல் சேர்கிறது. திறந்ததும் அது பேட்டரியின் அழுத்தத்தோடு சேர்ந்து டையோடு வழியே வெளியே பாய்கிறது. வெளியே 5 வாட் (5 வோல்ட் × 1 ஆம்பியர்) வேண்டுமென்றால், வழியில் வீணாவதையும் சேர்த்து உள்ளே ஏறக்குறைய 5.7 வாட் போக வேண்டும்.

வினை இங்கேதான் தொடங்குகிறது. சாதாரண பல்பு, அழுத்தம் குறைந்தால் மின்னோட்டத்தையும் குறைத்துக்கொள்ளும். கன்வர்ட்டர் நேரெதிர். உள்ளே வரும் அழுத்தம் குறைந்தால், வாட் கணக்கைச் சரிக்கட்ட அதிக ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் கூடினால் கம்பியில் இழப்பு கூடும், அழுத்தம் இன்னும் சரியும், அது இன்னும் இழுக்கும். கடன் வாங்கி வட்டி கட்டுகிற கதைதான்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. பேட்டரி அழுத்தத்தின் வர்க்கத்தை, வழியிலுள்ள மொத்தத் தடையின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவதற்கு மேல் ஒரு வாட்கூடக் கிடைக்காது. என் செல் 3.6 வோல்ட். செல்லின் உள்தடை, ஹோல்டரின் ஸ்பிரிங், பிரெட்போர்டு (சால்டர் செய்யாமல் கம்பிகளைச் செருகும் பலகை), மெல்லிய ஜம்பர் கம்பிகள் எல்லாம் சேர்ந்து 0.6 ஓம். வகுத்துப் பார்த்தால் 5.4 வாட். தேவையோ 5.7. எத்தனை மாட்யூல் மாற்றினால் என்ன!

சரி, 0.6 ஓம் என்று எப்படித் தெரிந்தது? லோடு ஓடும்போதே அளந்துதான். லோடு இல்லாமல் அளப்பதில் பயனில்லை; ஓட்டமே இல்லாத கம்பியில் இழப்பு எங்கிருந்து வரும்? செல்லின் முனைகளில் 3.3, மாட்யூலின் உள்ளீட்டுப் புள்ளிகளில் வெறும் 2.0. இடையில் 1.3 வோல்ட்டைக் காணோம். செல்லின் 3.6-இலிருந்து உள்ளீட்டின் 2.0 வரை மொத்தம் தொலைந்த வோல்ட்டை, ஓடும் ஆம்பியரால் வகுத்தால் வருவதுதான் அந்தத் தடை. அப்புறம் மீட்டரின் இரு முனைகளையும் ஒரே கம்பியின் இரு நுனிகளில் வைத்துக்கொண்டே போனேன். நல்ல கம்பியில் சில மில்லிவோல்ட்தான் காட்டும். ஒரு ஜம்பர் மட்டும் கால் வோல்ட்டுக்கு மேல் தின்றுகொண்டிருந்தது. காந்தத்தைக் காட்டினேன், ஒட்டிக்கொண்டது. செம்பு பூசிய இரும்பு!

ஆம்பியரை அளக்க மீட்டரைத் தொடரில் நுழைத்தால் அதன் கம்பிகளின் தடையும் சேர்ந்து நிலைமை மோசமாகும், கவனம். உள்ளீட்டில் பெரிய கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்துத் தரும் பாகம்) வைக்கும் யோசனை, வைஃபை போர்டு போலத் திடீரென இழுத்து விடுகிற லோடுக்குக் கைகொடுக்கும்; தொடர்ந்து எரியும் பட்டைக்கு அல்ல.

பிரெட்போர்டைத் தூக்கிப்போட்டு, தடித்த குட்டைக் கம்பிகளைச் செல் ஹோல்டரிலிருந்து மாட்யூலுக்கு நேரே சால்டர் செய்தேன். மொத்தத் தடை 0.2 ஓமுக்கு இறங்கியது. லோடில் உள்ளீடு 3.25, வெளியீடு 4.98. அதே செல், முதலில் பழி சுமந்த அதே மாட்யூல்.