குப்பை கொட்டும் மூலையை மாற்ற ‘நமக்கு நாமே’: பணம் கட்டும் முன் படியுங்கள்

டிரான்ஸ்ஃபார்மர் காலடியில் கிழிந்த மெத்தை, இளநீர்க் கூடு, சாக்கில் கட்டிய உடைந்த டைல்ஸ். லாரி வந்து அள்ளிப்போனால் மறுநாள் காலையில் புது மூட்டை. இப்படிப்பட்ட இடத்தில் வேலி, விளக்கு, கேமரா, செடி வைக்க அரசுப் பணம் கிடைக்குமா என்று பல குடியிருப்போர் சங்கங்கள் கேட்கின்றன. கிடைக்கும், ஆனால் ஏமாறவும் வழி நிறைய.

மத்திய அரசின் தூய்மை இந்தியா 2.0 திட்டப் பணம் உங்கள் சங்கத்துக்கு வராது. அது உள்ளாட்சிக்குப் போகிற பணம். ‘சாங்ஷன் வாங்கித் தருகிறேன், ஃபைல் செலவுக்கு மட்டும் கொடுங்கள்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நமக்குப் பயன்படுவது 2021ல் மறுபடி தொடங்கிய நகர்ப்புற ‘நமக்கு நாமே’ திட்டம். வேலைக்கான செலவு மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். தனி ஆளும் கட்டலாம், சங்கமும் கட்டலாம். திட்டம் இவ்வளவுதான்.

பெரிய பொறி மதிப்பீட்டில் இருக்கிறது. 3 லட்ச ரூபாய் மதிப்பீட்டில் ‘குப்பை, இடிபாடு அகற்றுதல் 60,000’ என்று ஒரு வரி நுழைந்திருந்தால், அதில் 20,000 உங்கள் பணம். பொது இடத்துக் குப்பையை அள்ளுவது மாநகராட்சியின் கடமை. அதற்குத்தான் வரி கட்டுகிறோம். மதிப்பீட்டிலிருந்து அந்தச் செலவை அடித்துவிடச் சொல்லுங்கள். மதிப்பீட்டின் நகல் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ‘முதலில் டிடி எடுங்கள், எஸ்டிமேட் அப்புறம் போடலாம்’ என்பார்கள். டிடி போன பிறகு எஸ்டிமேட் எப்படி வளரும் என்று அனுபவப்பட்டவர்களைக் கேளுங்கள். கட்டும் பணம் உள்ளாட்சியின் பெயரில் மட்டும், ரசீதோடு. கவுன்சிலரின் உதவியாளர் கையில் ரொக்கமாக வேண்டவே வேண்டாம்.

அடுத்த இழுபறி நிலம். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதா, கால்வாய் ஓரம் நீர்வளத் துறையுடையதா என்று பார்க்காமல் மனு போட்டால், மாதக்கணக்கில் உட்காரவைத்து ‘இது எங்கள் இடம் இல்லை’ என்று திருப்பி அனுப்புவார்கள். நிலம் யாருடையது என்று காட்டும் டவுன் சர்வே பதிவேட்டின் நகலை அரசின் இ-சர்வீசஸ் தளத்திலேயே எடுத்து மனுவோடு இணைத்துவிடுங்கள்.

ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதுவதும் ஆபத்து. குப்பை ஒரு பிரிவு, வேலி பொறியியல் பிரிவு, விளக்கு மின் பிரிவு. ஒவ்வொருவரும் அடுத்த மேஜையைக் கைகாட்டுவார்கள். குப்பை அகற்றும் புகாரைத் தனியாகப் போட்டு புகார் எண் வாங்குங்கள். அழைக்க, சென்னையில் 1913, மற்ற ஊர்க்காரர்களுக்கு முதல்வரின் உதவி எண் 1100. வேலி, விளக்கு மனுவை ஆணையருக்கு எழுதி, தபால் பிரிவில் முத்திரையோடு நகல் வாங்குங்கள். ‘வைத்துவிட்டுப் போங்கள்’ என்றால் ஸ்பீட் போஸ்ட்.

நிதியாண்டு முடிகிற நேரத்தில் பணம் கட்டச் சொன்னால், இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் மீதி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பராமரிப்பு யார் என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள், கேமரா கெட்டால் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள்.

பணம் கட்டியும் வேலை நகரவில்லையா? வெள்ளைத்தாளில் தகவல் உரிமை மனு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. ‘ஏன் தாமதம்’ என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். மதிப்பீட்டின் நகல், பணி ஆணை தேதி, எம்-புக் (செய்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் புத்தகம்) பக்கங்களின் நகல் என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள்.