ஆற்றை எதிர்த்து ஓடும் நுரை

மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் காலையில் குழாய்த் தண்ணீர் நல்ல வேகத்தில் வரும். சிங்க்கில் அது விழும் இடத்தைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். தண்ணீர் கண்ணாடித் தகடு மாதிரி மெலிதாகப் பரவி, சற்றுத் தள்ளி வட்டமாகச் சட்டென்று தடிக்கும். இதற்குப் பெயர் நீர்த்தாவல். குண்டலிகா ஆற்றில் ராஃப்டை, அதாவது காற்றடைத்த ரப்பர் படகை, பிடித்து ஆட்டும் வெள்ளை நுரையும் இதே ஜாதிதான். (சிங்க்கில் பரப்பு இழுவிசைக்கும் பங்கு உண்டு, ஆற்றின் அளவுக்கு அது பொருட்டே இல்லை.)

மும்பையிலிருந்து கோவா சாலையில் சுமார் 120 கிலோமீட்டரில் குண்டலிகாவில் ராஃப்டிங் நடக்கும் ஊர், கோலாட். அங்கே கோடையிலும் ஆறு பாய்வது மின்சாரத்தின் புண்ணியம். முல்ஷி அணையில் தேங்கும் நீரை அதன் போக்கில் விட்டிருந்தால் பீமா, கிருஷ்ணா வழியாக வங்கக் கடலுக்குப் போயிருக்கும். அதை மேற்கே திருப்பி, ஏறக்குறைய 500 மீட்டர் கீழே பீரா மின்நிலையத்தில் இறக்குகிறார்கள். டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் தண்ணீர் குண்டலிகாவில் சேர்ந்து அரபிக் கடலுக்குப் போகிறது. பெரும்பாலும் காலையில் திறப்பார்கள் என்பதால் ராஃப்டிங்கும் காலையில்தான்.

சரி, நுரை ஏன் பின்னோக்கி உருள்கிறது?

நீரின் மேல் ஓர் அலை நகரும் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 1 மீட்டர் ஆழத்தில் நொடிக்குச் சுமார் 3.1 மீட்டர்; கால் மீட்டர் ஆழத்தில் அதில் பாதி. பாறை மேல் வழுக்கி இறங்கும் நீர் மெலிந்து, அந்த அலையையே முந்தும் அளவுக்கு வேகமெடுக்கும். கீழே ஆழமான, மெதுவான நீரில் போய் முட்டியதும் மட்டம் எழும்பி உடைகிறது. உடைந்த மேலடுக்கு பாறையை நோக்கியே சரிந்து உருள, அடியிலுள்ள நீர் பாட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும். கயாக் என்னும் ஒடுக்கமான சிறு துடுப்புப் படகை ஓட்டுபவர்கள் இதை ‘ஹோல்’ என்பார்கள். நுரை பாதி காற்று மாதிரி. துடுப்புக்குப் பிடி கிடைக்காது, லைஃப் ஜாக்கெட்டும் வழக்கம்போலத் தூக்காது.

முதல் தடவை போனபோது நுரையைக் கண்டு பயந்து நான் துடுப்பைத் தூக்கிக்கொண்டேன். செய்யக் கூடாதது அதுதான். நேராக, வேகமாக மோதி, நுரையைத் தாண்டித் துடுப்பை ஆழமாகக் குத்த வேண்டும். அடியில் ஓடும் ஆறே படகை இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஓரளவு பழகியவர்கள் தூரத்திலிருந்தே ஹோலின் வடிவத்தைப் பார்த்துக்கொள்வார்கள். வருகிறவர் கண்ணுக்கு அது சிரிக்கும் வாய் போல இருந்தால் இரு ஓரங்களும் ஆற்றின் போக்கில் வளைந்திருக்கின்றன. மாட்டினாலும் ஓரமாக வெளியே தள்ளிவிடும். கவிழ்ந்த வாய் என்றால் ஓரத்துக்குப் போனவரையும் நடுவுக்கே இழுக்கும்.

இரண்டையும்விட மோசம், பார்க்கச் சாதுவான தடுப்பணை. கான்கிரீட் சுவர் கரைக்குக் கரை ஒரே மட்டமாக இருப்பதால் நுரையும் இடைவெளியே இல்லாமல் ஒரே சீராகத் திரும்பி உருளும். ஓரத்தில் தப்ப வழி கிடையாது. பெரிய பெரிய அருவிகளில் குதிக்கிற ஆட்கள்கூட அங்கே கயாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையோரம் நடந்துவிடுவார்கள்.