பட்டினிக் கடலின் நீலம்

கிரீஸின் ஏஜியன் கடலில் கிமோலோஸ் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 36 சதுர கிலோமீட்டர். ஆண்டு முழுக்க அங்கேயே குடியிருப்பவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. விமான நிலையம் கிடையாது. பக்கத்துத் தீவான மிலோஸின் பொலோனியா துறையிலிருந்து படகேறினால் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். போய்வந்தவர்கள் போடும் படங்களில் கடல் நம்ப முடியாத நீலத்தில் இருக்கும். கரையோரம் பச்சை கலந்த வெளிர்நீலம், கொஞ்சம் தள்ளி மைநீலம், அடியில் கிடக்கும் கூழாங்கல் வரைக்கும் தெரியும். "எவ்வளவு சுத்தமான தண்ணீர்!" என்று வியக்காதவர் இல்லை. சுத்தம்தான், ஆனால் அது பாதிக் காரணம். அந்தக் கடல் அவ்வளவு தெளிந்திருப்பதற்கு முதல் காரணம், அதில் சாப்பிட ஒன்றும் இல்லை என்பதுதான்.

கடல்நீரைப் பச்சையாகவும் கலங்கலாகவும் ஆக்குவதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளுக்கு உண்டு. வயலுக்கு உரம் வேண்டியிருப்பதுபோல இவற்றுக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வேண்டும். மத்தியதரைக் கடலில் அதற்குத்தான் தட்டுப்பாடு. மழையும் ஆறுகளும் கொண்டுவந்து கொட்டுவதைவிட அதிகமான தண்ணீர் அங்கே வெயிலில் ஆவியாகிப் போகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட, ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக்கின் மேல்மட்ட நீர் உள்ளே வருகிறது. மேல்மட்ட நீரில் இருந்த சத்தை அங்கிருந்த உயிர்கள் ஏற்கெனவே தின்று தீர்த்திருக்கும். உள்ளே வந்த நீர் வெயிலில் காய்ந்து உப்பேறிக் கனத்து, கீழே இறங்கி, அடிமட்டமாகவே திரும்ப அட்லாண்டிக்குக்குப் போகிறது. மேலே வாழ்ந்து செத்து மூழ்கிய உயிர்களின் சத்தும் அதோடு வெளியேறிவிடுகிறது. சத்தில்லாத நீர் வரவு, சத்துள்ள நீர் செலவு. கிழக்கே போகப் போக நிலைமை இன்னும் மோசம். பாஸ்பேட் அங்கே மிகவும் குறைவு. கிமோலோஸ் மாதிரியான தீவுகளில் வண்டல் கொண்டுவரும் ஆறும் கிடையாது. குளிர்கால மழைக்கு ஓடைகளில் கொஞ்சம் தண்ணீர் ஓடும், அவ்வளவுதான்.

மிதவைப் பாசி இல்லாத நீரில் ஒளி தடையில்லாமல் இறங்கும். சிவப்பு முதல் சில மீட்டர்களிலேயே தண்ணீரில் கரைந்துபோகும். நீலம் வெகுதூரம் போகும். இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் வெள்ளை மணல் இருந்தால் ஒளி அதில் பட்டு மேலே திரும்பி வருகிறது. கரையோரத்து வெளிர்நீலம் அப்படி வருவது.

நடுநடுவே திட்டுத்திட்டாகக் கருத்துத் தெரிகிற இடங்களைப் பார்த்துவிட்டுப் பாறை என்றோ பள்ளம் என்றோ பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது புல்வெளி. பொசிடோனியா என்ற கடற்புல் அது. பாசி இனம் அல்ல; வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் உள்ள செடி. இங்கே வளரும் பொசிடோனியா வகை உலகில் மத்தியதரைக் கடலைத் தவிர வேறெங்கும் கிடையாது. தெளிந்த நீரில் 40 மீட்டர் ஆழம் வரைகூட வளரும், ஏனென்றால் வெளிச்சம் அவ்வளவு தூரம் வருகிறது. தண்ணீரில் கிடைக்காத சத்தை அடிமண்ணிலிருந்து வேரால் எடுத்துக்கொள்ளும். பட்டினிக் கடலுக்கென்றே அமைந்த செடி.

இலை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் நீளமான நாடா. நுனிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். சுண்ணாம்பு ஓடுள்ள பாசிகளும் நுண்ணிய விலங்குகளும் இலைமேல் குடியேறி விட்டுப்போன கூடுகள் அவை. இலை உதிரும்போது அவையும் உதிர்ந்து, நொறுங்கி, மணலோடு சேர்கின்றன. நாம் மணல் என்று மிதிப்பதில் ஒரு பங்கு இந்தப் புல்லின்மேல் விளைந்தது.

இலையுதிர் காலத்தில் பழைய இலைகள் கொத்துக் கொத்தாகக் கழன்று, புயலில் கரை ஒதுங்கும். சில விரிகுடாக்களில் ஒரு மீட்டர் உயரத்துக்குக்கூடப் பழுப்புநிற மேடாகக் குவிந்துவிடும். இதோடு, தேங்காய் நாரை உருட்டி வைத்ததுபோலப் பழுப்பு உருண்டைகளும் கிடக்கும்; புல்லின் நார்களை அலை உருட்டி உருட்டிச் செய்தவை. ஏஜியன் கடலில் ஓதம் ஏறி இறங்குவது பெரும்பாலான இடங்களில் ஒரு சாண் அளவுதான் என்பதால், குவிந்த இலையைத் தினமும் இழுத்துக்கொண்டு போக ஆள் இல்லை. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், கொஞ்சம் நாறவும் செய்யும். சுற்றுலாக்காரர்கள் முகம் சுளிப்பது இங்கேதான்.

ஆனால் குளிர்காலப் புயலின் அலை வந்து மோதுவது அந்தக் குப்பைமேட்டின்மேல். இலைகளுக்கு இடையில் மணல் சிக்கியிருக்கும். அலையின் வேகமும் அதிலேயே அடங்கிவிடும். கோடை தொடங்குமுன் பொக்லைனை இறக்கி அதை வாரிக்கொண்டு போனால், இலையோடு மணலும் போகும். என்னைக் கேட்டால், தினமும் பெருக்கிச் சீவிய கடற்கரையைக் கெட்டுப்போன கடற்கரை என்றே சொல்வேன். பழுப்பு மேடு கிடக்கும் கரையில்தான் இன்னும் யாரும் கைவைக்கவில்லை என்று நம்பிக் கால் வைக்கலாம்.

போகிற மணலுக்கு ஏன் இவ்வளவு கவலை? தீவின் பிறப்பு அப்படி. பூமியின் மேலோட்டுத் துண்டுகளில் ஒன்றான ஆப்பிரிக்கத் தட்டு ஏஜியனுக்கு அடியில் நுழைந்து இறங்குவதால் உண்டான எரிமலை வரிசை ஒன்று மெதானா, மிலோஸ், சாந்தோரினி, நிசிரோஸ் என்று வளைந்து போகிறது. கிமோலோஸ் அதில் மிலோஸோடு சேர்ந்தது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான வெளிறிய, மெத்தென்ற பாறைகள் அங்கே நிறைய. அதே சாம்பல் நாளடைவில் மாறி உண்டான ஒருவகைக் களிமண்ணைப் பழங்கால கிரேக்கர்கள் துணி துவைக்கவும் குளிக்கவும் பயன்படுத்தினார்கள். வடகிழக்கில் இருக்கும் பிராசா கரையின் மணல் வெள்ளையாக இருப்பதற்கும் இந்த வெளிறிய பாறைகள்தான் காரணம். இருபுறமும் பாறை முனை, நடுவில் ஒரு சின்ன வளைவு, அதற்குள் கொஞ்சம் மணல் என்பதுதான் இங்குள்ள பெரும்பாலான கரைகளின் அமைப்பு. பக்கத்து வளைவிலிருந்து மணல் நகர்ந்து வராது, ஆறும் கொண்டுவராது. இருக்கிற கையிருப்பு அவ்வளவுதான். வடக்கே ஸ்கியாதோஸ் தீவின் லலாரியா கரையிலிருந்து கூழாங்கல் எடுத்துப் போனால் அபராதம் போடுவது இதனால்தான்.

சரி, எந்தக் கரைக்கு எந்த நாளில் போவது? அதைக் காற்று தீர்மானிக்கும். ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று நாள்கணக்கில் அடிக்கும். சில நாள்களில் மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகம், படகுகளே நின்றுவிடும். இதற்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. கோடையில் பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா மேல் உருவாகும் தாழ்வழுத்தம் ஈரான் வழியாகத் துருக்கி வரைக்கும் நீள்கிறது. பால்கன் பக்கம் உயரழுத்தம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஏஜியன் வழியாகக் காற்று வடக்கிலிருந்து தெற்கே பாய்கிறது. நம்முடைய தென்மேற்குப் பருவமழையில் வெளியாகும் வெப்பம், கிழக்கு மத்தியதரைக் கடல் மேலே காற்றைக் கீழ்நோக்கி அமுக்கி, மேகம் கூடவிடாமல் செய்வதில் பங்கு வகிக்கிறது என்பதையும் வானிலை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கேரளத்தில் மழை கொட்டும் மாதங்களில் கிமோலோஸில் சொட்டு மழை இல்லாததில் நம் மழைக்கும் பங்குண்டு. மெல்டெமி அடிக்கும் நாளில் பிராசாவில் அலை புரளும். தெற்கே அலிகி, பொனாட்சா கரைகளின் பக்கம் தீவே மறைப்பாக நிற்பதால் தண்ணீர் அசையாமல் கிடக்கும்.

இந்த ஏற்பாடு கெடுவதற்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். கழிவுநீர் கடலில் கலந்தால் மிதவைப் பாசிக்கு விருந்து. தண்ணீர் கலங்கும், ஆழத்துக்கு வெளிச்சம் போகாது, புல் சாகும், மணலைப் பிடித்துவைக்க ஆள் இருக்காது. உல்லாசப் படகின் நங்கூரம் புல்லைப் பிடுங்கினாலும் அதே கதைதான். பொசிடோனியாவின் தண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும். ஒரு மீட்டர் அகலப் பள்ளம் மூடப் பல பத்தாண்டுகள் ஆகும். வாடகை நாற்காலிகளும் குடைகளும் கரையை அடைத்துக்கொள்வதை எதிர்த்து, 2023 கோடையில் பாரோஸ் தீவு மக்கள் துண்டும் கையுமாகப் போராடினார்கள். அடுத்த ஆண்டு கிரீஸ் அரசு 198 கடற்கரைகளைக் 'கால்படாத கரைகள்' என்று அறிவித்து, நாற்காலி, குடை வாடகைக்கு விடுவதையும் கூட்டமாகக் கொண்டாட்டம் நடத்துவதையும் தடை செய்தது.

கிமோலோஸுக்கு எதிரே பொலியேகோஸ் இருக்கிறது. ஆள் குடியில்லாத தீவு, ஆடுகள் உண்டு. அதன் குகைகளில் மங்க் சீல் என்னும் அரிய கடல்நாய்கள் குட்டி போடுகின்றன. முற்காலத்தில் இவை திறந்த மணலில்தான் படுத்துக் கிடந்தன. மனிதர்கள் வேட்டையாடியும் விரட்டியும் குகைக்குள் தள்ளிவிட்டார்கள். பெரும்பாலான குட்டிகள் பிறப்பது செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள். ஆள் வந்தால் தாய் குட்டியை விட்டுவிட்டு ஓடிவிடக்கூடும். அந்த மாதங்களில் படகில் போகிறவர்கள் குகைகளை வெளியில் இருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது நல்லது. உள்ளே மணல்திட்டு தெரிகிற குகை என்றால் கட்டாயம் நீந்திப் போகக் கூடாது.