பழைய தோட்ட டிராக்டரைப் புதுப்பிப்பவர்கள் எஞ்சினுக்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய தோட்ட டிராக்டர்களைத் தேடிப்பிடித்து வாங்கி, ஓய்வு நேரத்தில் பிரித்துச் சரிசெய்து, அவற்றைக் கொண்டே புல் வெட்டவும் மண்ணைக் கிளறவும் பனியை ஒதுக்கவும் செய்கிற ஆர்வலர்கள் உலகின் பல பகுதிகளில் இருக்கிறார்கள். சிறு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தப் பொழுதுபோக்கின் மீது மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அவர்கள் ஏதோ ஒரு சிறு வேலைக்காகப் பட்டறைக்குக் கொண்டுவரும் வண்டிகளில் பலவற்றின் நிலை ஒரே மாதிரி இருக்கிறது. பானட்டில் பெயின்ட் பளபளக்கிறது, சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடுகிறது, ஆனால் பிரேக் மிதியை அடிவரை மிதித்தாலும் வண்டி நிற்பதில்லை. எஞ்சின் ஓடுகிறது என்பதும் வண்டி ஓட்டத் தகுந்தது என்பதும் வேறு வேறு என்பதை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இந்த வண்டிகள் இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் அவை செய்யப்பட்ட விதம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவில் பெரிய தோட்டத்துடன் கூடிய வீடுகள் பெருகியபோது, பண்ணை டிராக்டரின் வேலையைச் சிறிய அளவில் செய்யும் வண்டிக்குத் தேவை எழுந்தது. எல்மர் பாண்டும் அவருடைய மகன் சிசிலும் 1946-இல் இந்தியானா மாநிலத்தில் தொடங்கிய முயற்சியே பின்னாளில் வீல் ஹார்ஸ் என்ற பெயரில் புகழ்பெற்றது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961-இல் கப் கேடட்டையும், ஜான் டியர் 1963-இல் 110 மாடலையும் கொண்டுவந்தன. இவ்வகை வண்டிகள் பலவற்றில் பொருத்தப்பட்ட, கோலர் நிறுவனத்தின் கே வரிசை எஞ்சின்களின் பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது. சிலிண்டர் தேய்ந்தால் அதை மீண்டும் கடைந்து, அடுத்த அளவு பிஸ்டனைப் போட்டுக்கொள்ளலாம். பேரிங்குகளும் ஆயில் சீல்களும் பெரும்பாலும் பொது அளவுகளில் இருப்பதால், அவற்றின் மீது பொறித்துள்ள எண்ணைச் சொன்னாலே இன்றும் கிடைத்துவிடும். பழுதுபார்ப்பதற்கு இவ்வளவு இணங்கிவரும் இயந்திரங்கள் இப்போது அரிது.

ஆனால் அவை உருவான காலத்தில் பாதுகாப்பு ஏற்பாடுகள் மிகக் குறைவு. நடந்து தள்ளும் புல்வெட்டிகளில் கைப்பிடியை விட்ட 3 நொடிக்குள் பிளேடு நின்றுவிட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி நடைமுறைக்கு வந்ததே 1982-இல்தான். ஏறி ஓட்டும் வண்டிகளை அந்த விதி கட்டுப்படுத்தவில்லை. ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச், பின்னோக்கி ஓட்டும்போது பிளேடைத் துண்டிக்கும் அமைப்பு போன்றவை 1960-களின் வண்டிகளில் கிடையாது. இன்றைய வண்டிகளில் பழகியவர்கள், இறங்கினால் பிளேடு நின்றுவிடும் என்ற எதிர்பார்ப்போடு பழைய வண்டியில் ஏறுகிறார்கள். அந்த எதிர்பார்ப்பே ஆபத்து.

ஆகவே புதிதாக வாங்கிய பழைய வண்டியில் நான் முதலில் தொடச் சொல்வது பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும்தான். பல மாடல்களில் பிரேக் என்பது கியர் பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய டிரம்மும், அதைச் சுற்றி இறுக்கும் ஒரு பட்டையும் மட்டுமே. பட்டையின் உட்புறம் ஒட்டப்பட்டுள்ள லைனிங் தேய்ந்து ரிவெட்டின் தலை டிரம்மை உரசத் தொடங்கியிருக்கும், அல்லது ஆயில் சீல் கசிந்து லைனிங் முழுவதும் எண்ணெய் ஊறியிருக்கும். எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவி மீண்டும் போடுவதில் பயனில்லை. சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மேலே வந்துவிடும். சீலையும் லைனிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இந்த அமைப்பில் இன்னொரு குறையும் உண்டு. இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கர அமைப்புக்கு முன்னால் பிரேக் பிடிப்பதால், சரிவில் ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினாலோ ஈரப்புல்லில் வழுக்கினாலோ, அந்தச் சக்கரம் எதிர்த்திசையில் சுழல, மற்றச் சக்கரம் தாராளமாக உருளும். பிரேக் மிகச் சரியாக இருந்தாலும் வண்டி சரிவில் இறங்கிப் போய்விடும். சமதளத்தில் பிரேக்கைச் சோதித்துத் திருப்தியடைந்தவர்கள் இதை அறிந்திருப்பது அவசியம்.

ஸ்டீயரிங்கில், முன் சக்கரங்களை இணைக்கும் ராடுகளின் முனையிலுள்ள பந்து மூட்டுகளையும், முன் அச்சு ஆடும் நடு பின்னையும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். தேய்மானம் இருந்தால் மாற்றுவதே வழி. நட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் மடிப்பு ஊசியான பழைய காட்டர் பின்னை நிமிர்த்தி மறுபடியும் மடிப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

அடுத்தது, எஞ்சினை எழுப்பும் விதம். வயரிங் பழுதாகிக் கிடக்கும் வண்டியைச் சோதிக்க, ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான சோலினாய்டின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஸ்குருடிரைவரை வைத்துப் பார்ப்பது பரவலான வழக்கம். அப்போது அந்த மனிதர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் வண்டியின் பக்கவாட்டில், பின்சக்கரத்துக்கு நேர் முன்னால், குனிந்த நிலையில் நிற்கிறார். கிளட்ச்சையும் நியூட்ரலையும் கவனிக்கும் சுவிட்சுகள் இருந்தாலும் இந்தக் குறுக்குவழி அவற்றைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. கியர் விழுந்திருந்தால், ஸ்டார்ட்டர் சுழலும் அந்த நொடியிலேயே வண்டி முன்னே பாய்ந்து அவர் மீது ஏறிவிடும். கருவிகள் பூட்டிய தோட்ட டிராக்டரின் எடை எளிதில் 300 கிலோவை எட்டும். வயரிங்கை முதலில் சரிசெய்துவிட்டு, இருக்கையில் அமர்ந்து சாவியால் மட்டுமே எழுப்புங்கள். அதுவரை பின் அச்சைத் தாங்கிகளின் மீது ஏற்றி, சக்கரங்கள் தரையில் படாதவாறு வைத்திருங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ விடக் கூடாது.

வயரிங் என்று வரும்போது, அந்த எஞ்சின் பேட்டரியால் பொறி எழுப்புவதா, பேட்டரி இல்லாமல் தானே பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் மேக்னட்டோவால் எழுப்புவதா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் புதிய சாவி சுவிட்ச் வாங்கிப் போடாதீர்கள். பேட்டரி வகையில், ஓடுவதற்கு, பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலுக்கு 12 வோல்ட் சென்றுகொண்டே இருக்க வேண்டும். அதைத் துண்டித்தால் எஞ்சின் நிற்கும். மேக்னட்டோ வகையில், நிறுத்துவதற்காக அதன் வயரை வண்டியின் உடலோடு இணைக்க வேண்டும். பார்வைக்கு இரண்டு சுவிட்சுகளும் ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிப் பொருத்தினால், ஒன்று மேக்னட்டோவுக்குள் பேட்டரி மின்சாரம் பாய்ந்து அது கருகிவிடும், அல்லது சாவியைத் திருப்பிய பிறகும் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது நிலை உயிருக்கே ஆபத்தானது.

இதே அறிவைக் கொண்டு பழைய வண்டிக்கு இருக்கைச் சுவிட்ச் ஒன்றைப் பின்னாளில் பொருத்திக்கொள்ளவும் முடியும். பேட்டரி வகைக்கு, அமரும்போது இணைப்பை ஏற்படுத்தும் சுவிட்சைக் காயிலுக்குச் செல்லும் வயரின் நடுவே சேர்க்க வேண்டும். மேக்னட்டோ வகைக்கு, எழும்போது வயரை உடலோடு இணைக்கும் சுவிட்ச் வேண்டும். வண்டியின் அசல் தன்மை கெட்டுவிடும் என்று இதைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கண்காட்சிக்கு மட்டும் செல்லும் வண்டிக்கு அது பொருந்தலாம். பிளேடைப் பூட்டிப் புல் வெட்டும் வண்டியில் இந்தச் சுவிட்ச் இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எஞ்சின் நின்ற பிறகும் பிளேடு சில நொடிகள் சுழலும் என்பதையும் இத்துடன் நினைவில் கொள்ள வேண்டும்.

எரிபொருள் பகுதியில் பழைய ரப்பர் குழாய்களை, பார்க்க நன்றாக இருந்தாலும், முழுவதுமாக மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைக் கருதி அவை செய்யப்படவில்லை. உட்புறம் இளகி உதிரும், வெளிப்புறம் விரிசல் விடும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் மிதவை ஊசி சரியாக அடைக்காவிட்டால், எஞ்சினை விட உயரத்தில் டேங்க் அமைந்த வண்டிகளில் பெட்ரோல் சொட்டுச்சொட்டாக எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் அளவு தானாக உயர்ந்திருந்தாலோ, அளவுகோலில் பெட்ரோல் வாடை வீசினாலோ, எஞ்சினை ஓட்டாமல் ஆயிலை வடித்துவிடுங்கள். வண்டி நிற்கும்போதெல்லாம் அடைத்து வைக்கக்கூடிய வால்வு ஒன்றை டேங்குக்கு அடியில் பொருத்துவது செலவு குறைந்த நல்ல ஏற்பாடு. துளை விழுந்த டேங்குக்கு வெல்டிங் வைக்க முயல வேண்டாம். பல மாதங்களாகக் காலியாகக் கிடந்த டேங்கிலும் வெடிப்பதற்குப் போதுமான ஆவி தங்கியிருக்கும்.

எஞ்சினைப் பொறுத்தவரை ஆர்வலர்களுக்கு என்னைவிடப் பொறுமை அதிகம் என்பதால் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஒற்றைச் சிலிண்டர் கே வரிசை எஞ்சினில் ஆயில் பம்ப் இல்லை. பிஸ்டனோடு இணைந்த அலுமினியக் கனெக்டிங் ராடின் அடியிலுள்ள சிறு துடுப்பு ஆயிலை வாரி இறைப்பதுதான் உயவு. அளவு சற்றுக் குறைந்தாலும், செங்குத்தான சரிவில் நெடுநேரம் நின்றாலும், ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துவிடும். எனவே ஒவ்வொரு முறை எழுப்புவதற்கு முன்பும் ஆயிலைப் பார்ப்பது கட்டாயம். பொறி எழும் நேரத்தை இயக்கும் தொடுமுனைகளான பாயிண்டுகளின் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். சிலிண்டரை மூடியிருக்கும் தகர உறையைக் கழற்றிப் பார்த்துவிட்டு மீண்டும் பொருத்தாமல் எந்தப் பழைய எஞ்சினையும் ஓட்டாதீர்கள். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த உறைக்குள், குளிர்விக்கும் இதழ்களின் இடுக்கெல்லாம் காய்ந்த புல்லும் பஞ்சும் அடைத்து எலி கூடு கட்டியிருப்பதை அடிக்கடி காண்கிறேன். காற்றுப் போக வழியில்லாத எஞ்சின் கொதிக்கும். அந்தப் புல்லே தீப்பிடிக்கவும் செய்யும். எலி எச்சத்தைக் காய்ந்த நிலையில் ஊதிவிடாமல், கிருமிநாசினி தெளித்து நனைத்து, கையுறையோடு அகற்றுங்கள்.

எஞ்சின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி வேகத்தைக் கூட்டும் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த எஞ்சின்களின் உச்ச வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 3,600 சுற்று. அதை மீறினால் ராடு தெறிக்கலாம். எஞ்சினோடு சுழலும் கனமான வார்ப்பிரும்புச் சக்கரமான பிளைவீல் சிதறினால் அதன் துண்டுகளைத் தகர உறை தடுத்து நிறுத்தாது. காதால் கேட்டு வேகத்தைக் கணிக்காமல், டேக்கோமீட்டர் கொண்டு அளந்து வையுங்கள்.

பெயின்ட் வேலையில் ஏற்படும் தீங்கு உடனே தெரியாது என்பதால் அதைப் பற்றிய கவனமும் குறைவாக இருக்கிறது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், பழைய பிரேக், கிளட்ச் லைனிங்குகளிலும் கேஸ்கெட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்ற எண்ணத்துடனேயே வேலையைத் தொடங்குங்கள். டிரம்மில் படிந்த தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. நனைத்துத் துடைத்து, துணியை உறையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். உப்புத்தாள் தேய்ப்பதும் நீர் விட்டே நடக்க வேண்டும், வேலை உடையோடு வீட்டுக்குள் செல்லக் கூடாது. சலவை சோடாக் கரைசலில் மின்சாரம் செலுத்தித் துருவை நீக்கும் முறை நல்லதுதான், ஆனால் நேர் மின்முனையாகத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மை மிக்க குரோமியம் சேர்மம் அந்தக் கரைசலில் சேரும். சாதாரண இரும்பே போதும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த பாகத்தின் மீது வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற கொடிய வாயு உண்டாகும். ஹார்டனர் கலக்கும் இருபகுதி பெயின்டுகளிலுள்ள ஐசோசயனேட், துணி முகமூடியைத் தாண்டி நுரையீரலைத் தாக்கி நிரந்தர ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசம் இல்லாதவர்கள் அந்த வேலையைப் பெயின்டிங் பட்டறையிடம் விட்டுவிடுவது நல்லது.

வண்டி தயாரான பின், முதல் ஓட்டத்தைப் பிளேடு பூட்டாமல், சமதளத்தில், திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்திருந்தாலும் கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் இறங்காதீர்கள், சரிவில் மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே செல்லாதீர்கள். எதையேனும் கட்டி இழுக்கும்போது சங்கிலியைப் பின் அச்சுக்குக் கீழேயுள்ள கொக்கியில் மட்டுமே மாட்டுங்கள். இருக்கையின் கம்பியிலோ அச்சுக்கு மேலேயோ மாட்டினால் வண்டியின் முன்பக்கம் எழும்பி ஓட்டுபவர் மீதே பின்புறமாகக் கவிழும். கவிழ்ந்தால் தாங்கும் கம்பிச் சட்டம் இவற்றில் இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. தாத்தாவின் மடியில் அமர்ந்து டிராக்டர் ஓட்டும் பேரப்பிள்ளையின் மகிழ்ச்சி எனக்கும் புரிகிறது. ஆனால் ஒருமுறை ஏற்றிச் சென்ற குழந்தை, அடுத்த முறை சத்தம் கேட்டதும் தானே ஓடிவரும், ஓட்டுபவர் பின்னோக்கி எடுக்கும் நேரத்தில் வண்டிக்குப் பின்னால் வந்து நிற்கும். ஏறி ஓட்டும் புல்வெட்டியை இயக்க 16 வயதாவது நிறைந்திருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் பரிந்துரைக்கிறது. பிளேடு பூட்டியிருக்கும்போது குழந்தைகள் வீட்டுக்குள், இன்னொரு பெரியவரின் பார்வையில் இருக்கட்டும். பின்னோக்கி எடுக்கும் முன் பிளேடைத் துண்டித்து, தலையைத் திருப்பி, தரையைப் பாருங்கள்.

நீங்கள் செய்த மாற்றங்களை, குறிப்பாக வயரிங்கில் சேர்த்ததையும் நீக்கியதையும், ஒரு தாளில் வரைந்து நீர் புகாத உறையிலிட்டு இருக்கைக்கு அடியில் வைத்துவிடுங்கள். இவ்வகை வண்டிகள் பல கைகள் மாறுபவை. சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்குமா, இருக்கைச் சுவிட்ச் இணைப்பில் இருக்கிறதா என்பதை அடுத்தவர் அந்தத் தாளைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.